வைகாசிக் கணக்கு

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது வழக்கம். முன்பு கல்வெட்டு என்றார்கள். இப்போது நினைவு மலர். தேவாரம், வம்சாவளி, இறந்தவரின் வாழ்க்கை வரலாறு எல்லாம் அதில் இருக்கும். நூலகம் இணையத்தளம் இவற்றில் ஏராளமானவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆசிரியர், தபாலதிபர், விதானையார் என்று உத்தியோகம் பார்த்த ஆண்களுக்கு நியமனம், இடமாற்றம், ஓய்வு என்று நாலு பக்கம் தானாக நிரம்பிவிடுகிறது. பெண்களுக்குப் பிறப்பு, கலியாணம், பிள்ளைகள். பிறகு 'விருந்தோம்பலில் சிறந்தவர்' என்றொரு வரி.

முள்ளியவளையில் வாழ்ந்து முடித்த என் அம்மம்மாவின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாமா கனடாவிலிருந்து குறிப்பு அனுப்பியிருந்தார். 1996 ஆடியில் முல்லைத்தீவுச் சமர். 2004 மார்கழி 26 சுனாமி. 2008 கடைசியில் ஊரைவிட்டு வெளிக்கிட்டது, பிறகு புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். மீள்குடியேற்றம். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அவருக்கு நடந்தவை மட்டும்தான் அதில் இருந்தன. அவர் செய்தது ஒன்றுகூட இல்லை. பெயரை மாற்றினால் அயலில் எந்த மனுசிக்கும் அது பொருந்தும்.

ஒரு மனிதரை எந்தக் கணக்கால் நினைவுகூர்வது? அவருக்கு வந்து விழுந்தவற்றாலா, அவர் தானே எண்ணிப் பாதுகாத்தவற்றாலா?

அம்மம்மா ஆண்டுகளை எண்ணியது வற்றாப்பளைப் பொங்கலால். "நீ பிறந்தது பாக்குத்தெண்டின கிழமை. கொப்பர் கோயிலடியில நிண்டவர்" என்பார். பாக்குத்தெண்டலோடு பொங்கல் தொடங்கும். பிறகு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, அந்த உப்புநீரில் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, அடுத்த கிழமை வைகாசித் திங்களில் கண்ணகை அம்மனுக்குப் பொங்குவார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஏதோ ஒரு பொங்கலுக்கு முன்னால், அல்லது பின்னால் பிறந்தவர்கள். பிறப்புச் சான்றிதழ்கள் பங்கருக்குள் நனைந்து அழிந்தபோதும் அந்தக் கணக்கு அழியவில்லை. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கான மே 18 நினைவேந்தலும் இதே வைகாசியில் வருகிறது. சில ஆண்டுகளில் அந்த நினைவேந்தலில் கொடுக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் இடையில் சில நாள்தான். இரண்டுக்கும் போவார். ஒன்றுக்காக மற்றதை அவர் விட்டதில்லை.

முகாமிலிருந்து திரும்பியபோது வளவில் கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. தரப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு அவர் முதலில் தேடியது விதைநெல். வவுனியாவிலிருந்த உறவினரிடம் கடனுக்கு ஒரு மூட்டை கேட்டார். வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. நிவாரண அரிசி வருகிறதே, பொறுங்கள் என்றார்கள். அவர் பொறுக்கவில்லை. காலபோகத்துக்கு விதைத்து, அறுத்து, முதல் வேலையாகக் கடன் நெல்லைத் திருப்பிக் கொடுத்தார். எங்களை மீண்டும் ஊர்க்காரராக்கியது அந்த ஒரு மூட்டை நெல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது மாமாவின் குறிப்பில் இல்லை. ஏனென்றால் அது நடந்த ஆண்டுக்கு எந்தச் செய்தித்தாளிலும் தலைப்பு இல்லை.

'தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாதவர்' என்ற வரியையும் நான் எழுதவில்லை. தாய்மாரைப் புகழ நாங்கள் எடுக்கும் முதல் வரி அது; அவர்களின் ஆசைகளை மறைத்துவிடும் வரியும் அதுதான். அம்மம்மாவுக்கு வெற்றிலை வேண்டும், நல்ல பாக்கு வேண்டும். கோவலன் கூத்து நடந்தால் பிள்ளைகளை அப்புவிடம் விட்டுவிட்டு விடிய விடிய இருந்து பார்ப்பார். எந்த அண்ணாவியார் எந்த இடத்தில் தாளம் தவறினார் என்று மறுநாள் குசினியில் கூட்டம் வைத்துச் சொல்வார். பிட்டு அவிப்பதில் இருந்த அதே கவனம் அதிலும் இருந்தது.

எழுதக் கடினமாக இருந்தது சின்னமாமாவின் இடம். 2009க்குப் பிறகு அவரைப் பற்றிய தகவல் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பங்குனியில் முல்லைத்தீவில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய பிறகு, முழங்கால் நோவு விட்ட நாள்களில் அம்மம்மாவும் போராட்டக் கொட்டகையில் போய் இருப்பார். அந்தக் கொட்டகையில் இருந்த தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள், இப்போது இவரும். வம்சாவளியில் சின்னமாமாவை இருப்பவர்களோடு போடுவதா, இறந்தவர்களோடு போடுவதா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. கடைசியில் அம்மம்மா வைத்த ஒழுங்கிலேயே போட்டோம். அக்காவுக்கு அடுத்து, தம்பிக்கு முன். பக்கத்தில் அவர் பிறந்த பொங்கல். அதற்குமேல் எழுதும் உரிமை எங்களுக்கில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை.

மாமாவின் குறிப்பைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். முன்பக்கங்களில் பொங்கல் வரிசை. அம்மா சொல்லும் கணக்கும் சின்னம்மா சொல்லும் கணக்கும் ஓரிடத்தில் ஒரு வருடம் இடிக்கின்றன. இரண்டையும் அப்படியே போட்டிருக்கிறேன்.