கூடாரத்தின் எடை

மலையேறும் இருவர் ஓரிரவு தங்கக் கூடாரம் தேடும்பொழுது எடையையே முதலில் நோக்குவர். ஒற்றைத் துணியாலான கூடாரம் இலேசானது. ஆயினும், உறங்குவோரின் மூச்சு அதன் உட்புறத்தில் நீராய்ப் படிந்து படுக்கையை நனைக்கும். இரட்டைத் துணி அவ்வீரத்தைத் தடுக்கும், சுமையோ கூடும். எனவே, ‘எது இலேசானது?’ என்னும் வினா, ‘எது போதும்?’ என்னும் வினாவில் சென்று முடிகின்றது.

அதனினும் பெரிய வினா ஒன்று உண்டு: சுமப்பவர் யார்?

1953-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் இரவை ஹில்லாரியும் டென்சிங்கும் எவரெஸ்டில், ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு கூடாரத்தில் கழித்தனர். மறுநாள் அவர்கள் உச்சியை அடைந்ததை உலகம் அறியும். அக்கூடாரத்தை இரு நாள்களுக்கு முன்பே 8,300 மீட்டருக்கு மேல் கொண்டுசென்று வைத்துவிட்டு இறங்கியவர்கள் ஹண்டும் டா நம்கியாலும் ஆவர். அவர்கள் உச்சியை மிதித்தாரல்லர். அவ்விடத்திலிருந்து ஹில்லாரியே அதைத் தம் முதுகில் ஏற்றிக்கொண்டார்.

பிறர் முதுகில் ஏறிய சுமையைக் கணக்கில் சேர்க்காதவன் தன் கூடாரம் இலேசானது எனக் கூறுதல் அறமாகுமா? துணியை ஒருவரும் கம்புகளை மற்றவரும் சுமப்பதே இருவர் பயணத்தின் முறை. ஒரே கூரையின்கீழ்த் துயில்வோர் அதன் எடையையும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும்.