யாரு காசு?

ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்: "இப்படி ஊர் ஊரா வந்து எழுதிக்கிறியே தம்பி, உனக்கு யாரு காசு குடுக்கறாங்க?"

தொண்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை ஆராய எனக்கு ஓராண்டு ஃபெல்லோஷிப் கிடைத்திருந்தது. "ஒரு அறக்கட்டளைங்க ஐயா" என்றேன். "அவங்களுக்கு யாரு குடுக்கறாங்க?" எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் போடும்போது அதை நான் யோசிக்கவே இல்லை.

நான் ஆராய வந்த சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில் பிறந்தது. 2010இல் புதிதாக எழுதப்பட்டது. 2020இல் இன்னும் இறுகியது. பணம் முதலில் டெல்லியிலுள்ள ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வரவேண்டும். வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வக்கீல் கட்டணமும் வண்டிச் செலவும் அந்த 20க்குள்தான்.

வக்கீலும் வண்டியும் இந்த மலைக்கு எதற்கு? 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திர போலீஸ் சுட்டுக்கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். வேறு விதமாகச் சொல்ல சாட்சிகள் இருந்தார்கள். அவர்களை டெல்லிக்குக் கூட்டிப்போய் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நிறுத்தியது மதுரையின் மக்கள் கண்காணிப்பகம். அடுத்த ஆண்டே, அந்த அமைப்பை நடத்தும் அறக்கட்டளையின் எஃப்சிஆர்ஏ பதிவைப் புதுப்பிக்க உள்துறை அமைச்சகம் மறுத்தது. ஒன்றால் இன்னொன்று நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மறுப்புக்கு விளக்கம் கேட்டு அமைச்சகத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது அதே ஆணையம்தான்.

கணக்கு கேட்பது தப்பா? இல்லை. தொண்டின் பெயரில் பணம் சுருட்டியவர்களும் உண்டு. ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கவேண்டும். காங்கிரஸும் பாஜகவும் எஃப்சிஆர்ஏவை மீறி நன்கொடை வாங்கியதாக 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? 'வெளிநாட்டு மூலம்' என்ற சொல்லின் பொருளையே 2016இல் மாற்றியது. 2018இல் அந்த மாற்றத்தை 1976 வரை பின்னோக்கி நீட்டியது.

என்னை அதைவிட அதிகம் உறுத்துவது வேறு. 2020 திருத்தத்தைப் பெருமளவு ஏற்ற உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஒன்று சொன்னது: நம் நாட்டிலேயே நன்கொடையாளர்களுக்குப் பஞ்சமில்லை. உண்மைதான். அன்னதானத்துக்குக் கொடுப்போம், கோயில் திருப்பணிக்குக் கொடுப்போம், பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்து அதன் இறக்கையில் பெயர் எழுதுவோம். செம்மரம் வெட்டினான் என்று பிடிபட்டவனுக்கு வக்கீல் வைக்க யார் கொடுப்பார்? 'அவன் என்ன யோக்கியமா?' என்று முதலில் கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன். அந்த வேலைக்கு இதுவரை நான் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. அதைப் பற்றி ஆராய மட்டும் மாதாமாதம் பணம் வாங்குகிறேன்.

நாம் கொடுக்காமல் விட்ட இடத்துக்குத்தான் எங்கிருந்தோ பணம் வந்தது. அது அந்நியப் பணம் என்று சந்தேகப்படுகிறோம். அங்கே நம் பணம் ஏன் இல்லை என்று கேட்டுக்கொள்வதில்லை.

ஊர் திரும்பியதும் அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. பாதிப் பணம் வெளிநாட்டினுடையது. அடுத்த முறை மலையேறியபோது பெரியவரைத் தேடிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சரி, கேட்டு வந்து சொன்னியே" என்றார். பிறகு, "மீதிப் பாதி நம்ம ஆளுங்களுதா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"உன்னுது எவ்ளோ?"