யார் சொன்னது?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில், எங்கள் கீழ்பென்னாத்தூரைச் சுற்றிய கிராமங்களில், தேசிங்குராஜன் கதையைக் கேட்டு வளராத கிழவர்கள் கிடையாது. 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் சேனையோடு மோதி மடிந்த வாலிபனின் கதை. பாட்டில் அவனுடைய உயிர்த்தோழன் மோவுத்துக்காரன் கல்யாணத்தை விட்டுவிட்டுப் போருக்குக் குதிரை ஏறி வருகிறான். புறப்படும்போது அவன் பேசிய பேச்சைக் கேட்டவர் யார்? அவர் அதை யாரிடம் சொன்னார்? பாடுகிறவரிடம் இப்படிக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும், வரவேண்டியதுதான். கதைக்கு அந்தக் கேள்வி ஆகாது. கதை எழுதிக் காலம் தள்ளுகிற நானும் அவர் கட்சிதான்.

ஆனால் ஒரு சொல்லை ஆதாரமாகக் கொண்டு ஜனங்கள் நோன்பு நோற்க வேண்டும், சொத்தைப் பிரிக்க வேண்டும், கல்யாணத்தை முறிக்க வேண்டும் என்று வந்துவிட்டால்? அப்போது கேட்டே தீரவேண்டும். நபிகள் நாயகத்தின் வாக்கையும் செயலையும் தெரிவிக்கும் ஹதீஸ்களுக்கு முன்னால் ஒரு பெயர் வரிசை நிற்கும்: இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார். இஸ்னாத் என்பார்கள். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற அரபிக் கல்லூரிகளில் ஹதீஸ் கற்பவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. மற்ற நமக்கெல்லாம், அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள் என்பதே புதுச் செய்தியாக இருக்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் மறைந்த இப்னு ஹஜர் இந்த விசாரணைகளைத் திரட்டி எழுதிய நூல்களில் ஒன்று, ஹைதராபாத்தில் நிஜாம் ஆதரவில் நடந்த தாயிரத்துல் மஆரிஃப் அச்சகத்தில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. பக்கத்துக்குப் பக்கம் மனிதர்கள். பிறந்த ஊர், ஆசிரியர்கள், மாணவர்கள், பிறகு தீர்ப்பு.

விசாரணையில் இரண்டு கேள்விகள். ஆள் யோக்கியனா? ஞாபகம் சரியானதா? இரண்டையும் தனித்தனியே கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாம் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறோம். வரப்புத் தகராறில் ஊர்ப் பெரியவர் வந்து, "இந்தப் புளியமரம் வரைக்கும் அவங்க பாட்டன் நிலம்தான்" என்றால் தீர்ந்தது. தங்கமான மனுஷர், பொய் சொல்வாரா? சொல்லமாட்டார். ஆனால் அவர் பார்த்தது அந்தப் புளியமரம்தானா?

எகிப்தில் காஜியாக இருந்த இப்னு லஹீஆவின் ஏடுகள் தீயில் போய்விட்டன. அதன்பின் அவர் ஞாபகத்திலிருந்து சொன்னவற்றில் குழப்பம் புகுந்தது என்று கண்டவர்கள், அதற்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்தார்கள். ஒரே மனிதர், ஒரு வருஷம் வரை சாட்சி, அதற்குப் பிறகு அரைச் சாட்சி. ஓர் ஆசிரியரிடம் பத்துப் பேர் கேட்டு, ஒன்பது பேர் ஒரு மாதிரியும் ஒருவர் வேறு மாதிரியும் சொன்னால், அந்த ஒருவரின் மற்ற அறிவிப்புகளையும் ஒத்துப் பார்ப்பார்கள். பக்தியும் கேடயமாக நிற்கவில்லை. ஹதீஸ் விஷயத்தில் சாதுக்களைப்போல் பொய் சொல்கிறவர்களைப் பார்த்ததில்லை என்ற ஒரு பழைய அபிப்பிராயத்தை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையிலேயே பதிந்திருக்கிறார். நினைத்துச் செய்வதல்ல, நாக்கில் தானாக வந்துவிடுகிறது என்று விளக்கமும் தருகிறார். மாறாக, எதிர்க்கட்சிக்காரன் என்பதற்காகவே ஒருவனைத் தள்ளிவிடவும் இல்லை. அலி அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து பாடிய காரிஜியக் கவி இம்ரான் இப்னு ஹித்தான். அவர் வழியாக வந்த ஹதீஸையும் புகாரி ஏற்றிருக்கிறார். அந்தக் கட்சியார் பொய்யைப் பெரும்பாவமாக நினைத்தவர்கள்.

எல்லாம் சரி, இது புறங்கூறல் அல்லவா? புறங்கூறுவதைச் செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதோடு வைத்துப் பேசுகிறது குர்ஆன். நம்மிலும் செத்தவனைக் குறை சொல்வது பாவம். இவர்களோ ஆயிரக்கணக்கான மனிதர்களைப் பெயர் சொல்லி, மறதிக்காரர், பலவீனர், பொய்யர் என்று எழுதிவைத்தார்கள். அவசியத்துக்காக அனுமதிக்கப்பட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு. எனக்கு அந்த முடிவைவிட, அதற்கு அவர்கள் கொடுத்த விலைதான் பெரிதாகப் படுகிறது. 849-ல் காலமான அலி இப்னுல் மதீனியிடம் அவருடைய தகப்பனாரைப் பற்றிக் கேட்டார்கள். வேறு யாரையாவது கேளுங்கள் என்றார். விடவில்லை. தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து, இது மார்க்கம் என்றார்; என் தகப்பனார் பலவீனர் என்றார். அவசியம் என்ற சொல்லை ஊர்வம்புக்காரனும் உபயோகிப்பான். சொந்தத் தகப்பனிடம் வந்து நிற்கும்போது அந்தச் சொல் அவன் வாயில் வராது. சமகாலத்தவர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் பிற்காலத்தார் எச்சரித்தார்கள். வித்துவான்களின் பொறாமை அங்கேயும் உண்டு போலும்.

என் தொழிலைச் சேர்ந்த ஒரு கதையும் இதில் இருக்கிறது. பாக்தாதில் ஒரு பள்ளிவாசலில் கதைசொல்லி ஒருவன், அகமது இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மயீனும் தனக்குச் சொன்னதாக ஒரு கட்டுக்கதையை அளந்துகொண்டிருந்தானாம். இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எப்போது சொன்னோம் என்று யஹ்யா கேட்டாராம். உலகத்தில் உங்களைத் தவிர வேறு அகமதும் யஹ்யாவும் கிடையாதா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், கெட்டிக்காரன்!

பதினான்காம் நூற்றாண்டில் தஹபி இந்தக் கதைக்கும் இஸ்னாதைப் பார்த்தார். வரிசையில் ஒரு பெயரில் வந்து நின்றார். இவர் யாரென்றே தெரியவில்லை, இவரே இட்டுக்கட்டியிருப்பார் என்று அஞ்சுகிறேன் என்று எழுதிவைத்தார்.