மலை இறங்கி வந்தது!

ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கோயில் சுற்றியவர், இன்று உங்கள் வீட்டில் கட்டிலோடு இருக்கிறாரா? 'இனி நான் எங்கே போகப் போகிறேன்' என்று அவர் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் இந்த வாரம் நாம் பேசப்போவது உங்களுக்காகத்தான்.

கோவைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பூண்டி அடிவாரத்திலிருந்து தொடங்குகிறது வெள்ளியங்கிரி. தென் கயிலாயம் என்று நம் கொங்கு மக்கள் போற்றும் மலை. ஏழு மலை கடந்து, சுமார் 6 கிலோமீட்டர் ஏறினால்தான் குகைக்குள் சுயம்புவாக வீற்றிருக்கும் ஈசனைக் காண முடியும். மகா சிவராத்திரியிலும் சித்ரா பௌர்ணமியிலும் மூங்கில் தடியும் கையுமாக ஆயிரக்கணக்கானோர் ஏறுவார்கள்.

என் அப்புச்சியும் அப்படி ஏறியவர்தான். பனி குறைந்து மலைப்பாதை திறந்துவிட்டால் போதும், அவர் கால் வீட்டில் தங்காது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்து வீடு. திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே அந்த மலைதான். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று அவர் சொல்லச் சொல்ல, மலையேறாமலே வழி எனக்கு மனப்பாடம். என் வயதுப் பெண்கள் ஏழாவது மலைக்கு ஏறுவதில்லை என்பது அங்கே நெடுநாளைய வழக்கம். ஆகவே எனக்கு அந்த உச்சி என்பது அப்புச்சியின் வாய்ச்சொல்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு அவர் திண்ணைக்கு வர மறுத்தார். "மலையப் பாத்தா மனசு கேக்க மாட்டீங்குது கண்ணு" என்பார். எதிரே மலை இருக்க, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

சென்ற ஆண்டு சித்தி மகன், என் தம்பி, ஒரு வேலை செய்தான். சுற்றிலும் படம் பிடிக்கும் சிறு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறி, வழி நெடுகப் படம் எடுத்து வந்தான். அதை ஒரு வி.ஆர். கருவியில் ஏற்றி, அப்புச்சியைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, கண்ணில் மாட்டிவிட்டான்.

இந்தக் கருவியை நீச்சல் கண்ணாடி போலக் கண்ணை மூடி மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே இரு கண்களுக்கும் தனித்தனியே படம் தெரியும். தலையைத் திருப்பினால், கருவி அதை உணர்ந்து அந்தத் திசையில் உள்ள காட்சியைக் காட்டும். மேலே பார்த்தால் வானம், கீழே பார்த்தால் பாறைப்படி. காட்சிக்கு நடுவில் நாமே நிற்பதாக மனம் நம்பிவிடும். காசி விசுவநாதர் ஆலய வளாகத்திலேயே 2024-ஆம் ஆண்டு இப்படியொரு மெய்நிகர் தரிசன மையம் தொடங்கப்பட்டது. அவ்வளவு தூரத்துக்கு வந்துவிட்டது இந்தத் தொழில்நுட்பம்.

அப்புச்சி பேசவில்லை. தலை மட்டும் மெல்லத் திரும்பியது. சிறிது நேரத்தில் அவருடைய வலது கை காற்றில் எதையோ தேடித் துழாவியது. தடியைத் தேடுகிறார் என்று புரிந்துகொண்ட அம்மா, தன் கையைக் கொடுத்தார். அதைப் பிடித்தபடியே ஏழு மலையும் 'ஏறி' முடித்தார்.

கருவியைக் கழற்றியதும் கண் கலங்கியிருந்தது. பேரனைப் பார்த்து, "எல்லாம் அப்படியே இருக்குது சாமி. காத்துத்தான் இல்ல" என்றார். பிறகு கேட்டார்: "திருநீறு கொண்டாந்தியா?"

தம்பி விழித்தான். "இல்லீங் அப்புச்சி... படம் எடுக்கற அவசரத்துல மறந்துட்டனுங்க."

வாசகர்களே, அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது. கருவியால் மலையைக் காட்ட முடிந்தது. ஆனால் மலைக்குப் போனவன், போக முடியாதவருக்காக அங்கே நின்று வேண்டிக்கொண்டானா, அவர் பங்குப் பிரசாதத்தை வாங்கி வந்தானா என்றுதான் அந்தப் பெரியவரின் மனம் கேட்டது.

'கருவியில் பார்ப்பது தரிசனமா? அது வெறும் படம்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு நம் அப்பர் பெருமான் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

திருநாவுக்கரசருக்குக் கயிலையைக் காண ஆசை. முதிர்ந்த வயதில் காளத்தியைத் தொழுது, காசியையும் கடந்து வடக்கே போனார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். அதுவும் முடியாமல் புரண்டு புரண்டு போனார். முனிவர் வடிவில் வந்த சிவபெருமான், 'மானிடரால் ஆகாத காரியம், திரும்பிப் போ' என்றார். காணாமல் திரும்பேன் என்றார் அப்பர். அந்த உறுதியைக் கண்டு இரங்கிய இறைவன், அவருடைய உடலை முன்போல் ஆக்கி, அங்கிருந்த குளத்தில் மூழ்கச் சொன்னார். எழுந்தபோது அப்பர் நின்றது திருவையாற்றுக் குளத்தில்! அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இந்த வைபவம் நடக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடக்க முடியாமல் போன அடியவரை இறைவன், 'உனக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்' என்று விட்டுவிடவில்லை. கயிலையை அவர் இருந்த ஊருக்குக் கொண்டுவந்தார். இன்னொன்று, குளத்திலிருந்து கரையேறிய அப்பர் கண்ணில் முதலில் பட்டவை ஊரில் இணை இணையாக வந்த யானை, கோழி, குயில், அன்னம் முதலியவைதான். அவற்றில் அவர் சக்தியையும் சிவனையும் கண்டார். காட்சி எங்கிருந்து வந்தது என்பதல்ல, கண்ட பிறகு எதிரே இருக்கும் உயிரில் இறைவனைக் காண்கிறோமா என்பதே தரிசனத்துக்கு அடையாளம்.

கோயிலுக்கு வர இயலாதவரை நம் பெரியவர்கள் மறந்ததே இல்லை. உற்சவ மூர்த்தி ஏன் வீதியுலா வருகிறார்? படியேற முடியாதவரும் தம் வாசலில் நின்று சேவிக்கட்டும் என்றுதானே! மாசித் திருவிழாவில் நம் கோனியம்மன் ராஜ வீதியிலும் ஒப்பணக்கார வீதியிலும் தேரில் வருவதும் அதற்காகத்தான். பழநியில் விஞ்ச் வந்தது. 2004-ல் ரோப் காரும் வந்தது. அந்த வரிசையில் இந்தக் கருவியையும் வைத்துப் பாருங்கள். தவறில்லை. ஆனால் தேர் தானாக வீதிக்கு வராது. வடம் பிடிக்க ஆட்கள் வேண்டும். இந்தக் கருவிக்கும் அப்படித்தான்.

எனவே, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இப்படிக் காட்ட நினைத்தால் சிலவற்றை மனத்தில் வையுங்கள். முதலில் அவரிடம் விருப்பம் கேளுங்கள், திடீரென்று மாட்டிவிடாதீர்கள். சாய்ந்து உட்கார வைத்தே காட்டுங்கள். முதல் முறை ஐந்து, பத்து நிமிடம் போதும். சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். வலிப்பு நோய் உள்ளவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். மாட்டியதும் அருகில் இருப்பவர் முகம் அவருக்குத் தெரியாது. ஆகவே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு அவரைப் பேச விடுங்கள். அந்தக் கோயிலுக்கு அவர் போன கதை, படத்தைவிடப் பெரியது. முக்கியமாக, திருநீறோ குங்குமமோ துளசியோ, ஒரு துளிப் பிரசாதம் அவர் கைக்குச் சேரட்டும்.

தம்பி என்ன செய்தான் தெரியுமா? பத்தே நாளில் மறுபடியும் மலையேறினான். இந்த முறை கேமரா எடுத்துப் போகவில்லை. அப்புச்சி பெயருக்கு அர்ச்சனை செய்து, காகிதத்தில் மடித்த திருநீறோடு வந்தான்.

அப்புச்சி தம்மைத் திண்ணைக்குத் தூக்கிப் போகச் சொன்னார். வெகுநாளுக்குப் பிறகு மலையைப் பார்த்துக் கும்பிட்டு நெற்றியில் பூசிக்கொண்டார். மீதியை விரலில் எடுத்து என் நெற்றியில் வைத்தார். "நீயும் போயிட்டு வந்தாப்பலதான் கண்ணு" என்றார்.

வெள்ளியங்கிரி ஆண்டவரை அன்று நான் எங்கள் திண்ணையில் தரிசித்தேன். அடுத்த முறை நீங்கள் எந்தக் கோயிலுக்குக் கிளம்பினாலும், வீட்டில் நடக்க முடியாதவர் இருந்தால், 'உங்களுக்கு என்ன வேண்டிக்கொள்ளட்டும்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அவருக்கும் அங்கேயே யாத்திரை தொடங்கிவிடும்.

தென் கயிலாய நாதன் எல்லோருக்கும் அருள் புரியட்டும்!