சிகரமும் சுமையும்

1953 மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹிலரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் உச்சியில் நின்றனர். முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகம் அதன்பின் நெடுநாள் வாதாடிற்று. (ஹிலரிதான் என்று டென்சிங்கே 1955இல் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறிவிட்டார்.) நாம் கேட்க விரும்புவது வேறு. அக்குழுவின் கூடாரமும் உணவும் பிராணவாயுக் கலங்களும் மலைக்குச் சென்றது எவ்வாறு? காத்மண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட கூலியாட்கள் நாட்கணக்கில் சுமந்து நடந்தனர். ‘மனிதன் எவரெஸ்டை வென்றான்’ என்று எழுதுகிறோமே, அந்த ‘மனிதன்’ என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்குவரா?

யட்டியாந்தோட்டையில் வாழ்வோருக்கு இது தொலைதூரத்துக் கேள்வியன்று. நேபாளத்துச் சுமையாள் முதுகுப் பாரத்தை நெற்றிப் பட்டையால் தாங்குகிறான். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி நம் பெண்கள் சரிவு ஏறியதும் அப்படித்தான். மலை ஏறுவது அவர்களுக்குச் சாதனையன்று; ஒரு நாட்பேர்.

ஷெர்ப்பாக்கள் ஊதியம் பெறுகிறார்கள், விரும்பியே செல்கிறார்கள் என்பர் சிலர். பொய்யில்லை. அத்தொழிலில் அவர்களுக்குப் பெருமிதமும் உண்டு. ஆனால் இந்த ‘விருப்பம்’ என்ற சொல்லைச் சற்றே நிறுத்துப் பார்க்க வேண்டும். கங்காணியின் முன்பணம் பெற்று, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்த நம் முன்னோரையும் எவரும் கட்டி இழுத்து வரவில்லை. நடக்க வைத்தது பஞ்சம். தன் ஆசைக்காகத் தன் உயிரைப் பணயம் வைப்பவனை நாம் குறை கூறோம். அது அவன் உரிமை. அதே ஆசைக்குப் பிறன் உயிரையும் சேர்த்து வைக்கும்போது, கொடுத்த கூலி அந்த உரிமையையும் வாங்கித் தந்துவிடுமா?

1922இல் எவரெஸ்டின் வடபுறத்தில் பனிச்சரிவு ஏழு சுமையாட்களைக் கொன்றது. உடன் சென்ற ஆங்கிலேயர் பிழைத்தனர். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2014 ஏப்ரல் 18இல், கும்பு பனிவீழ்ச்சியில் பதினாறு நேபாளத் தொழிலாளர் மாண்டனர். பணம் கட்டி வந்தோர் பின்னால் ஏறுவதற்காக முன்கூட்டியே சுமை தூக்கிச் சென்றவர்கள் அவர்கள். அப்பனிவீழ்ச்சியை ஏற வந்தவர் சில முறை கடந்தால், ஷெர்ப்பா பன்முறை கடக்க வேண்டும். ஆபத்தும் அத்தனை மடங்கு. குடும்பத்துக்கு நாற்பதாயிரம் நேபாள ரூபாய் என்று அரசு முதலில் அறிவித்தது. ஷெர்ப்பாக்கள் சினந்தெழுந்தனர்; உயர்ந்த இழப்பீடும் காப்புறுதியும் கேட்டனர்; மலை ஏற மறுத்தனர். தென்புற வழியில் அவ்வாண்டின் ஏற்றம் ஏறத்தாழ முழுவதுமாக நின்று போயிற்று. தோட்டத்து வழக்கில் இதற்கு வேலைநிறுத்தம் என்று பெயர். உலகின் மிக உயர்ந்த மலையும், சுமப்பவன் கூடையை இறக்கி வைத்தால், ஏற முடியாத மலையே.

இதனால் மலையேற்றமே தீது என்று நாம் சொல்ல வரவில்லை. 8611 மீற்றர் உயரமுள்ள கே-2 சிகரத்தைக் குளிர்காலத்தில் எவரும் எட்டியதில்லை என்ற நிலை 2021 சனவரி 16 வரை இருந்தது. அன்று அதை எட்டியோர் பதின்மர், பதின்மரும் நேபாளியர். முன்னே சென்றவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே, கடுங்குளிரில், பின்னால் வருவோருக்காகக் காத்து நின்றனர். பிறகு பதின்மரும் சேர்ந்து, தம் நாட்டுக் கீதத்தைப் பாடிக்கொண்டே மேலே நடந்தனர்.