வேருக்குள் ஒரு தொட்டி

துளசி வாடினால் வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். தண்ணீர் பற்றவில்லை என்பார் ஒருவர், கண் பட்டுவிட்டது என்பார் இன்னொருவர். கொல்கத்தாவின் டாலிகஞ்சிலும் அப்படித்தான், பாட்டிகள் எந்த ஊரிலும் பாட்டிகள்தான். நம் சித்திரை இங்கே பொய்ஷாக். அந்த மாதம் முழுக்க துளசிக்கு மேலே துளையிட்ட சின்னப் பானையைக் கட்டித் தொங்கவிடுவது வங்காளிகள் வழக்கம். சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி வேரை நனைத்துக்கொண்டே இருக்கும். கத்தரி வெயிலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனாலும் சில துளசிகள் அந்தப் பானைக்குக் கீழேயே நின்று வாடும்.

இலை சிறுத்துப்போகிறது, அடியிலை மஞ்சளாகிறது, ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்தில் அடித்துளை வழியே ஓடிவிடுகிறது, மத்தியானமே செடி தலையைத் தொங்கப் போடுகிறது என்றால் அதற்கு நோய் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

முந்தின நாளே தண்ணீர் ஊற்றி வைத்து, மண் ஈரமாக இருக்கும்போது, தண்டை இரு விரலுக்கு நடுவே விட்டு, உள்ளங்கையால் மண்ணைத் தாங்கித் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். விளிம்பைச் சுவரோரம் இரண்டு தட்டு தட்டினால் தொட்டி கழன்று வந்துவிடும். பார்த்தால் மண்ணே கண்ணில் படாது. வெள்ளையும் பழுப்புமாக வேர்கள் தொட்டியின் உட்சுவரைத் தடவிக்கொண்டே சுற்றியிருக்கும். அடியில் போட்ட ஓட்டுச் சில்லையும் வளைத்துப் பிடித்திருக்கும். நடுவில் மண் உண்டு, ஆனால் அங்கே வேர் குறைவு. 2012இல் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தினர் செடிகளைத் தொட்டியோடு எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். வேரில் முக்கால் பங்குக்கு மேல் தொட்டியின் வெளிப்புறப் பாதியில்தான் இருந்தது. பழைய ஆய்வுகளையும் தொகுத்து, தொட்டியின் கொள்ளளவை இரு மடங்காக்கினால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது என்றும் கணக்கிட்டார்கள்.

அப்படியானால் பெரிய தொட்டி வாங்கி, வந்த உருண்டையை அப்படியே தூக்கி வைத்து, சுற்றிலும் புது மண்ணைப் போட்டால் வேலை முடிந்ததா? பெரும்பாலோர் செய்வது இதுதான். வேரைத் தொட மனம் வருவதில்லை, அதுவும் துளசி வேரை. ஆனால் சுற்றிப் பழகிய வேர் பெரிய தொட்டியிலும் சுற்றத்தான் பார்க்கும். ஆறு மாதம் கழித்துப் பிடுங்கிப் பாருங்கள்: பழைய எட்டங்குலத் தொட்டியின் அச்சு அப்படியே கையோடு வரும். தொட்டியை எப்போதோ எடுத்தாயிற்று. செடி அதை உள்ளேயே வைத்துக்கொண்டு வாழ்கிறது.

அதனால் பிரித்துவிடத்தான் வேண்டும். அடியில் பின்னிக் கிடக்கும் வேரை விரலால் கலைத்து, பக்கவாட்டில் கத்தியால் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீற வேண்டும். வேரின் நுனி உயிரோடு இருக்கும்வரை தனக்குப் பின்னால் கிளை வேர் விடுவதைத் தடுத்து வைத்திருக்கும். நுனி அறுந்தால் அந்தத் தடை நீங்கிப் பக்க வேர்கள் கிளம்பும். இதற்கு ஒரு விலை உண்டு. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் கிழிந்துவிடுவதால், இலை இழக்கிற நீரைச் சில நாளைக்கு வேரால் ஈடுகட்ட முடியாது. ஆகவே மேலே மூன்றில் ஒரு பங்கைக் கதிரோடு கிள்ளிவிட்டு, சாயங்காலமாகப் பார்த்து மாற்றி, ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். அந்த வாரத்தில் உரமே கூடாது. இங்கே எல்லாச் செடிக்கும் ஊற்றுகிற கடுகுப் பிண்ணாக்குத் தண்ணீரும் வேண்டாம். பழைய மண்ணை ஒரேயடியாகக் கழுவிவிடுவதும் தப்பு. உட்பக்கத்தில் பழைய மண் ஒட்டியிருந்தால்தான் துளசி தாங்கும்.

இந்த வேலையில் இருக்கும்போது டாலிகஞ்சை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெயர்த்து நட்டவர்களால் ஆன பேட்டை இது. ராசாபக்லா என்றிருந்த இடம், 1770களில் ஆதி கங்கையைத் தூர்வாரிக் கால்வாயாக்கிய வில்லியம் டாலியின் பெயருக்கு மாறியது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்த பிறகு, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கும்பினியார் கொண்டுவந்து குடியேற்றியது இங்கேதான். கடைசி மகன் குலாம் முகம்மது 1842இல் தர்மதலாவில் கட்டிய மசூதிக்குத் தகப்பனார் பெயர்தான் வழங்குகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முளைத்து வேலூரில் அடைபட்டிருந்த அந்தக் குடும்பத்தின் பெயர், இன்று பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு என்று ஆட்டோக்காரர்கள் வாயில் புழங்குகிறது. 1947க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் பிஜொய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் என்று காலனிகளை எழுப்பினார்கள். பிஜொய்கர் எழுந்தது, உலகப்போர் முடிந்து காலியாகக் கிடந்த ராணுவ முகாமில்.

அவர்களிடம் போய் வேரைப் பிரித்துவிடச் சொல்லும் யோக்கியதை யாருக்கும் இல்லை. அவர்களைப் பிடுங்கியவர்கள் சாயங்காலமா, ஈரமான மண்ணா என்று பார்த்துப் பிடுங்கவில்லை. சம்பளத்துக்காக டிக்கெட் எடுத்து ரயிலேறி வந்த நம்மைப் பற்றித்தான் என் பேச்சு. பக்கத்து லேக் மார்க்கெட்டில் வாழை இலை, கறிவேப்பிலை, கட்டிய மல்லிகை எல்லாம் கிடைக்கும். வெளியூரில் அது பெரிய ஆறுதல். அந்தச் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக முப்பது வருஷம் நடந்து, அடுத்த வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை வங்காளத்தில் பேசாமலே பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு. இத்தனைக்கும் பங்குனியில் முருங்கைக்காய் தேடுவதில் வங்காளிகளும் நம்மைப் போலத்தான். ஊரை விட்டதுதான் இழப்பு என்று காலமெல்லாம் பேசுகிறோம். விட்டதால் பட்ட காயம் ஆறிவிடுகிறது. விட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆளைச் சிறுக்க வைக்கிறது, வந்த மண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். ஊரை மறக்கச் சொல்லவில்லை. அது உட்பக்கத்து மண், ஒட்டியிருக்கட்டும். வெளிச்சுற்றைத்தான் கலைக்கச் சொல்கிறேன்.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். இருந்ததைவிட இரண்டு அங்குலம் பெரிதானால் போதும். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போனால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகல் வரும். கொல்கத்தா மழைக்குக் கேட்கவே வேண்டாம். இந்த ஊர் வண்டல் கையில் ஒட்டுகிற களி, ஆகையால் ஆற்று மணலும் மக்கிய சாணமும் தாராளமாகக் கலக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும். மாசி பிறந்து குளிர் விலகும்போது மாற்றினால் வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துவிடும். அதுவரை காத்திருக்காமல் இப்போதே ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். வேர் சுற்றவில்லை என்றால் அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.