கட்டுவதா, வாங்குவதா?

தன் கையால் ஒரு பொருளைச் செய்துகொள்வது சிறந்ததா, பிறர் செய்த நல்ல பொருளை விலை கொடுத்துப் பெறுவது சிறந்ததா என்னும் வினா மிகப் பழமையானது. தறியில் ஒருவர் நெய்ததை மற்றொருவர் உடுத்தத் தொடங்கிய நாளிலேயே அது பிறந்திருக்க வேண்டும். அம்மியும் உரலும் ஓய்ந்து, மாவும் பொடியும் பொட்டலங்களாக வந்து சேரும் இந்நாளில் நம் சமையலறைகளிலும் அது எழுகின்றது. ஆயினும் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்துள்ள இடங்களுள் ஒன்று, இங்கிலாந்து நாட்டு வீடுகளின் கார்க் கொட்டகை. எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விரும்புவோர், அதன் பாகங்களைப் பெட்டிகளில் தருவித்துத் தாமே கோத்துக்கொள்வதா, தொழிற்சாலை முடித்துத் தரும் காரை வாங்குவதா என்று அங்கே பல்லாண்டுகளாக வாதிட்டு வருகின்றனர். காரே இல்லாதார்க்கு இவ்வாதத்தால் ஆவதென்ன என்று அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா. பொருள் வேறாயினும் அதனுள் நிற்கும் அறக்கேள்வி அனைவர்க்கும் பொதுவானது.

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். காலின் சாப்மன் என்னும் பொறியாளர் 1948-இல், ஆஸ்டின் செவன் என்ற பழைய கார் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு தம் முதல் காரை உருவாக்கினார். 1952-இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆற்றலைக் கூட்டுவதினும் எடையைக் குறைப்பதே அவர் கைக்கொண்ட நெறி. எடை குறைந்த கார் விரைந்து வேகம் கொள்ளும், விரைந்து நிற்கும், வளைவில் எளிதாகத் திரும்பும், சிறிய எஞ்சினே அதற்குப் போதும். 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன் இந்நெறியின் வடிவம். எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு, இரண்டு இருக்கைகள், ஏறக்குறைய அரை டன் எடை. இன்றியமையாதவை தவிர வேறொன்றும் அதில் இல்லை.

அக்காலத்துப் பிரிட்டனில் முழுமையான காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் அவ்வரி இல்லை. எனவே பலரும் செவனைப் பெட்டிகளில் பெற்று வீட்டிலேயே கோத்தனர். கோர்க்கும் முறையைச் சொல்லும் ஏடு உடன் வந்தால் சலுகை போய்விடும் என்பதற்காக, பிரிக்கும் முறையைச் சொல்லும் ஏட்டைத் தந்து, அதைப் பின்னிருந்து முன்னாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்களாம். இப்படியொரு கதை இன்றும் வழங்குகின்றது. விதிகளோடு நாள்தோறும் உறவாடும் நம்போன்ற அலுவலகத்தார்க்கு இது வியப்பளிக்காது. ஆனால் அச்சலுகைக்குள் ஆழ்ந்த கருத்தொன்றும் உண்டு. பெட்டியில் கிடந்தபோது அவை வெறும் பாகங்கள். முடுக்கிச் சேர்த்தபின் அவையே கார். இடையில் நின்றது ஒருவருடைய உழைப்பு. தன் வீட்டில் தன் தேவைக்காகச் செய்த அவ்வுழைப்புக்கு அரசு வரி போடவில்லை.

1973 ஏப்ரலில் கொள்முதல் வரி நீங்கி, மதிப்புக் கூட்டு வரி வந்தது. பழைய சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவன் காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தைச் சேர்ந்தது. வரியை மிச்சம் பிடிப்பது ஒன்றே நோக்கமாக இருந்திருப்பின், கோர்க்கும் வழக்கம் அன்றோடு ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. கேட்டர்ஹாம் நிறுவனம் இன்றும் செவனை முழுக் காராகவும் விற்கிறது, பெட்டிகளிலும் விற்கிறது. பெட்டியில் வருவதைக் கோத்து முடிக்க ஏறத்தாழ 100 மணி நேரம் ஆகுமென்பர். 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுன் செலவில் ஸ்போர்ட்ஸ் கார் என்பதைத் தலைப்பிலேயே தாங்கிய நூலொன்றை வெளியிட்டார். குழாயை வெட்டிப் பற்றவைத்துச் சட்டம் செய்வது முதல், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரின் எஞ்சினைப் பொருத்துவது வரை அது கற்பித்தது. அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், உழைத்தனர். அவ்வளவு நேரத்தை வேறு வேலையில் செலுத்தியிருந்தால் நல்ல காரையே வாங்கியிருக்கலாம் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

அவ்வாறாயின் அவர்கள் நாடியது யாது? ‘நானே செய்தேன்’ என்னும் பெருமை என்பர் சிலர். அப்பெருமை ஆராய்ச்சியின் முன் நெடுநேரம் நில்லாது. எஞ்சினை வார்த்தவர் வேறு. பல்சக்கரத்தைக் கடைந்தவர் வேறு. டயரைச் செய்தவர் வேறு. கனியை மண்ணிலிருந்து தோண்டியவர் பெயரே தெரியாது. ஆயிரம் கைகள் செய்ததை இறுதியில் இரண்டு கைகள் சேர்த்தன. அவ்விரண்டு கைகளுக்கு மட்டும் முழு உரிமை கொண்டாடுதல் நேர்மை ஆகுமா?

வாங்குவோர் தரப்பு நியாயத்தையும் எண்ணுதல் வேண்டும். 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ் காரின் சட்டம், அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டது. அதன் எடை 70 கிலோவுக்கும் குறைவு. வீட்டுக் கொட்டகையில் எத்துணை ஆர்வத்தோடு உழைத்தாலும் அவ்வேலை கைகூடாது. 1989-இல் மாஸ்தா நிறுவனம் வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்னும் சிறு கார், ஒரு டன்னுக்கும் குறைந்த எடையில், நாள்தோறும் நம்பி ஓட்டத்தக்கதாய் அமைந்தது. 2016-இல் அதன் 10 இலட்சமாவது கார் உருவாயிற்று. பல அறிவாளர் ஆண்டுக்கணக்கில் சிந்தித்த பயனை நன்றியோடு பெற்றுக்கொள்வது சோம்பலுமன்று, இழிவுமன்று. ஒருவர் சமைக்க, ஒருவர் நெய்ய, ஒருவர் கற்பிக்க, ஒருவர் கணக்கெழுத, இப்படித்தான் சமுதாயம் நடக்கின்றது.

இங்கே காலம் என்னும் பொருளை நிறுத்துப் பார்க்க வேண்டும். பணம் செலவாவது கண்ணுக்குத் தெரியும். மாலைப்பொழுது செலவாவது தெரியாது. கொட்டகையில் கழியும் 100 மணி நேரமும் தலைவனுக்கே உரியதா? மனைவியின் பேச்சுத் துணையும், மக்களின் பாடமும், முதியோரின் மருத்துவமனைப் பயணமும் அம்மணி நேரத்துள்ளேதான் இருக்கின்றன. ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், அழிவது, ஆவது, பின் விளையும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செய்யச் சொல்கிறார். அழிவது என்ற கணக்கில் பிறருடைய நேரத்தையும் எழுதுவதே நேர்மையான கணக்கு. வீட்டாரைக் கேளாமல் தொடங்கும் கைவேலை, எத்துணை உயர்ந்ததாயினும், அவர்களிடம் சொல்லாமல் வாங்கிய கடனேயாகும்.

ஆயினும் கட்டுவோர் பக்கம் ஒரு செல்வம் உண்டு. அதை உணர, நம் அலுவலக வாழ்வை நினைத்தால் போதும். ஒரு கோப்பில் எழுத்தர் குறிப்பெழுதுகிறார். பிரிவு அலுவலர் சுருக்கொப்பமிட்டு மேலே அனுப்புகிறார். அவருக்கு மேலுள்ளவர் ‘பேசுக’ என்று எழுதித் திருப்புகிறார். முடிவு பிறக்கும்போது அது யாருடைய முடிவு என்று எவரும் சுட்ட முடியாது. தவறு நேர்ந்தாலும் அவ்வாறே. பொறுப்பு பலரிடம் பகிரப்பட்டுப் பகிரப்பட்டு, ஒருவரிடமும் நில்லாமல் கரைந்துவிடுகிறது. தன் கையால் காரைக் கோத்தவருக்கு இந்த ஒளிவிடம் இல்லை. பிரேக்குக் குழாயின் இணைப்பை முடுக்கியவர் அவரே. அது கசிந்தால் கேட்க வேண்டியவரும் அவரே.

அப்பொறுப்பு அவரோடு நிற்பதுமில்லை. சாலை பொதுவானது. அவர் முடுக்க மறந்த திருகாணி, எதிரே வரும் குழந்தையின் உயிரைத் தொடக்கூடும். ஆகவேதான் பிரிட்டனில் இத்தகைய கார் சாலைக்கு வருமுன் தனிச் சோதனைக்கு உட்பட வேண்டும். 1998-இல் ஏற்பட்ட முறை 2009-இல் வேறொரு முறையாக மாறிற்று. பிரேக்கு, ஸ்டீயரிங், புகை முதலியனவற்றோடு, பிறரைக் கிழிக்கும் கூர்முனை உண்டா என்பதையும் பார்க்கின்றனர். என் பொருள், என் விருப்பம் என்று சொல்லும் உரிமை, பிறர் நடக்கும் தெருவின் விளிம்போடு முடிந்துவிடுகிறது.

இதனால் நாம் தேர்ந்து கொள்ளத்தக்கது இதுவே: கையால் கட்டுவோர் பெறும் தனிச் செல்வம், விடை சொல்லும் கடமையும் அதற்கு வேண்டிய அறிவுமே ஆகும். ‘வீட்டைக் கட்டிப்பார்’ என்னும் நம் பழமொழியும் கட்டியவர் பெறும் அறிவையே குறிக்கின்றது. இவ்வறிவு வாங்குவோர்க்கு முற்றிலும் மறுக்கப்பட்டதன்று. வாங்கிய காரின் எண்ணெயைத் தாமே மாற்றி, டயரின் காற்றைத் தாமே பார்த்து, அதன் ஓசை மாறும்போது காரணம் தேடுவோர், கட்டியவருடைய பொறுப்பில் ஒரு பங்கைப் பெற்றுவிடுகின்றனர். பெட்டியை வாங்கிவைத்துப் பாதியில் தூசி படியவிட்டவர், அதில் ஒரு பங்கும் பெறுவதில்லை.

ஆகவே, கட்டுவதா வாங்குவதா என்று கேட்குமுன் இரண்டு வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு நான் செலவிடப்போகும் நேரம் யாருடையது? இதில் தவறு நேர்ந்தால் விடை சொல்ல நான் ஆயத்தமா? வீட்டார் மனமுவந்து தந்த நேரமும், விடை சொல்லும் துணிவும் உடையவர் தயங்காது கட்டுக. அவர் பெறுவது காரினும் பெரிது. இரண்டில் ஒன்று இல்லாதவர் நல்லதை வாங்குக. செய்தவர்க்கு நன்றி பாராட்டுக. வாங்கியதைப் பேணக் கற்றுக்கொள்க. இவ்விருவரும் ஒரே சாலையில் தலைநிமிர்ந்து செல்லலாம்.